ஏரி, கண்மாய், குளம்: அப்பாவோடு பறவை ஊர்களுக்கு

முதல் நாள், வேடந்தாங்கல்

படாளம் கூட்டுரோட்டில் பேருந்தை விட்டு இறங்கும்போது இன்னும் விடியவில்லை. தை மாதப் பனி. அப்பா தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, "ஏரி எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்டார். பறவைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்தப் பயணம் நான் பல வருஷமாக நினைத்து வைத்திருந்தது. சரணாலயம் என்ற பெயர் வருவதற்கு முன்பே பறவைகளை ஊர்க்காரர்களே பார்த்துக்கொண்ட ஊர்கள் தமிழ்நாட்டில் சில இருக்கின்றன. அவற்றை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வர வேண்டும். அப்பா நானும் வருகிறேன் என்றது கடைசி நேரத்தில். அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருஷம் ஏரிப்பாசனத்தில் நெல் போட்டவர்.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஏரியிலும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். ஒரு வருஷம் உள்வாயில், அதாவது கரைக்கு உட்பக்கம் தண்ணீர் நிற்கும் தரையில், நின்ற கருவேல மரங்கள் ஏலத்தில் போயின. அடுத்த ஐப்பசியில் கொக்குகள் வந்து ஏரிக்கு மேலே இரண்டு நாள் சுற்றின. உட்கார மரமில்லை. அப்புறம் வரவே இல்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

வேடந்தாங்கல் ஏரி பெரிதாக ஒன்றும் இல்லை. ஏறக்குறைய 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். வேடர்களின் ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தாங்கல்னா சின்ன ஏரிம்மா. நம்ம பக்கம் எத்தனை தாங்கல் இருக்கு, எண்ணிப் பாரு" என்றார்.

கரையில் ஏறி நின்றோம். ஏரிக்கு நடுவே நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரில் கால் வைத்து நிற்கின்றன. இலையே தெரியவில்லை. உச்சிக் கிளைகளில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும், அவற்றுக்குக் கீழே நத்தைகுத்தி நாரைகள், இன்னும் கீழே கொக்கு, நீர்க்காகம், பாம்புத்தாரா. ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் குடித்தனம். எச்சத்தின் வாடை காற்றில் கனமாக நின்றது. அதற்கு முகம் சுளிக்கத் தோன்றவில்லை. இத்தனை உயிர் ஒரே இடத்தில் தின்று வளர்கிறது என்றால் இப்படித்தானே இருக்கும்.

நத்தைகுத்திகள்தான் அதிகம். வளர்ந்த நத்தைகுத்தியின் அலகு முழுதாக மூடாது, நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுகளுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். அருகில் இருந்த கிளையில் அலகு நேராக மூடிய மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்தின. பெற்ற பறவை தொண்டையிலிருந்து நத்தைச் சதையைக் கூட்டில் கக்கியது. நத்தை ஓட்டை உடைக்காமலே சதையை உருவி எடுத்துவிடும் பறவை இது. வயல் நண்டையும் பிடிக்கும் என்று நான் சொன்னதும் அப்பா நிமிர்ந்தார். வரப்பில் நண்டு வளை போட்டு, கட்டிய தண்ணீர் ஒரே இரவில் கீழ் வயலுக்குப் போய்விட்ட கதைகள் அவரிடம் நிறைய உண்டு.

நான் இருநோக்கியில் கூடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா மதகைத் தேடிப் போய்விட்டார். போய்ப் பார்த்தால் உள்ளூர் விவசாயி ஒருவரோடு மதகுக்கட்டையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

"இந்த ஏரித் தண்ணி பாய்ஞ்சா யூரியா குறைச்சலாத்தாங்க போடுவோம். எச்சம் முழுக்கத் தண்ணியிலதானே கரையுது" என்றார் அந்த மனிதர். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறது. தண்ணீர் வழியே அது நேராக வயலுக்கு வந்துவிடுகிறது. "அதுங்களுக்கு நாம ஒண்ணும் செய்யறதில்லீங்க. தொந்தரவு பண்ணாம இருக்கிறோம், அவ்ளோதான்."

தொந்தரவு பண்ணாமல் இருப்பதற்கும் ஊர் போராட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று 1798-இல் கவுல் என்ற உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கியிருக்கிறார்கள். அரசு இதைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936-இல்தான்.

பிளேஸ் என்ற பெயரைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் அதே துரை. மழைக்காலந்தோறும் உடைந்துகொண்டிருந்த மதுராந்தகம் ஏரிக்கரையில், புயல் இரவில் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டதாகவும், கரை உடையாமல் நின்றதால் கோயிலில் தாயார் சந்நிதி கட்டித் தந்ததாகவும் சொல்வார்கள். அந்தக் கதை அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கவுல் கதை தெரியாது. ஏரிக்கரையைக் காத்ததும் ஏரிப் பறவையைக் காத்ததும் ஒரே ஆளின் காலத்தில், பத்துப் பதினைந்து மைலுக்குள் நடந்திருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் நாலு பக்கமிருந்தும் பறவைகள் திரும்பின. இரை தேடிப் போனவை வரிசை வரிசையாக வந்து, இறக்கையை விரித்து வேகத்தைக் குறைத்து, தன் கூட்டில் சரியாக இறங்கின. அதே நேரத்தில் வக்காக்கள் மரத்தை விட்டுக் கிளம்பின. அவை இரவில் இரை தேடுபவை. வருகிறவையும் போகிறவையும் ஒன்றையொன்று தாண்டிப் போவதை இருட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம்.

இரண்டாம் நாள், கரிக்கிலி

காலையில் பக்கத்திலுள்ள கரிக்கிலிக்குப் போனோம். அங்கே கூடுகள் அதிகம் இல்லை. விரிந்த, ஆழம் குறைந்த தண்ணீர். ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் கூட்டமாக மிதந்தன.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் போகிற இடமெல்லாம் இதைத் தவறாகச் சொல்கிறார்கள். வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாவும் நாரையும் சைபீரியாவிலிருந்து வருவதில்லை. அவை இந்தத் துணைக்கண்டத்துப் பறவைகள். மழையையும் மீனையும் பார்த்து இடம் மாறி, தண்ணீர் நிறைந்த இடத்தில் இனப்பெருக்கம் செய்பவை. உண்மையிலேயே வடக்கே வெகு தூரத்திலிருந்து வருபவை இந்த வாத்துகள்தான். இவை இங்கே கூடு கட்டுவதில்லை. தின்று கொழுத்து, பங்குனி வாக்கில் திரும்பிப் போய், அங்கே முட்டையிடும். பறவைகள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன என்று பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நம்முடைய சொந்தப் பறவை நம் ஏரியில் குஞ்சு பொரிக்கிறது என்பது அதைவிடப் பெரிய பொறுப்பு. இங்கே இடம் இல்லையென்றால் அது போவதற்கு வேறு தேசம் இல்லை.

இரவு ரயிலில் மதுரைக்கு.

மூன்றாம் நாள், கொள்ளுக்குடிப்பட்டி

மதுரையிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் உள்ள ஊர் இது. வெளியூர்க்காரர்கள் திருப்பத்தூர் என்றதும் வேலூர்ப் பக்கம் நினைத்துவிடுவார்கள், இது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அரசுப் பலகையில் இருக்கிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். 1977-இல் சரணாலயமானது.

இந்தப் பக்கம் ஏரி என்று சொன்னால் சிரிப்பார்கள், கண்மாய்தான். எங்கள் ஊரில் மதகு என்பது இங்கே மடை, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலிங்கல் என்பது கலுங்கு. அப்பா பேருந்திலேயே பக்கத்து இருக்கைக்காரரிடம் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கண்மாய்க்கரையில் முழு அமைதி. நாட்டுக் கருவேல மரங்களில் நத்தைகுத்திகளும் அரிவாள்மூக்கன்களும் நிறைந்திருந்தன. கரைக்கும் கூட்டுக்கும் நடுவே ஐம்பது அடிகூட இருக்காது. பறவைகள் எங்களைக் கண்டு எழும்பவில்லை. இந்த ஒன்றைத்தான் நான் மற்ற ஊர்களில் கண்டதில்லை. கொக்கைக் கண்டதும் கல்லெடுக்கும் ஊரில் கொக்கு ஆளைக் கண்டதும் பறந்துவிடும். மனிதனைப் பார்த்தால் பறக்க வேண்டுமா, உட்கார்ந்திருக்கலாமா என்பதைப் பறவை அந்த ஊர் மனிதனிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அப்பத்தாவிடம் தீபாவளியைப் பற்றிக் கேட்டேன். இங்கே தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பது பத்திரிகைகளில் வருஷா வருஷம் வரும் செய்தி. வனத்துறை அதற்காக ஊருக்கு இனிப்பு கொடுப்பதும் வரும். அவர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"புள்ளப்பேறுக்கு வந்த மகளுக்குப் பக்கத்துல வெடி போடுவியா தாயி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"பிள்ளைங்க அழாதா, அப்பத்தா?"

"அழுகும். எம் மகன் அழுதான். பேரனும் அழுதான். பக்கத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி வெடிக்க வச்சோம். பெறகு பழகிருச்சு. வெடிச்சா குஞ்சு கூட்ட விட்டு விழுகும்னு இப்ப அவனே மத்த புள்ளைகளுக்குச் சொல்லுறான்."

இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெரியவர்கள் ஒன்றை விட்டுக்கொடுப்பது எளிது. எட்டு வயதுப் பிள்ளை தீபாவளி வெடியை விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக. ஐப்பசியில் பறவைகள் வந்து கூடு கட்டத் தொடங்கும் நேரமும் தீபாவளியும் ஒன்றாக வருகின்றன. திடீர் ஓசைக்குத் தாய்ப்பறவை எழும்பினால் முட்டை சூடு இழக்கும், காக்கை வந்து கொத்தும். அப்பத்தாவுக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மகள் வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அப்பா அப்பத்தாவின் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை கீழே விழுந்து கிடந்த கருவேல நெற்றைத் தின்றுகொண்டிருந்தன. "ஆட்டுப்பட்டியில கொட்டை கிடக்குமா ஆத்தா?" என்று கேட்டார். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நான்காம் நாள், சித்திரங்குடி

முதுகுளத்தூர்ப் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம். வெயில் தை மாதத்திலேயே சுட்டது. இந்த மாவட்டத்தின் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருப்பவை. இந்த முறை சித்திரங்குடிக் கண்மாயின் நடுவில்தான் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மீதியெல்லாம் வெடித்த களிமண். சில சாம்பல் நாரைகள், சில கொக்குகள். பழைய கூடுகள் கிளைகளில் கலைந்து தொங்கின.

கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும்வரை மரத்தைச் சுற்றி அகழி வெட்டியதுபோலப் பாதுகாப்பு இருக்கும். காட்டுப்பூனையோ கீரியோ நாயோ எளிதில் நெருங்காது. தண்ணீர் வடிந்தால் அடிமரம்வரை நடந்து வந்துவிடலாம். இரையும் குறைந்துபோகும். பறவைகள் அதைக் கணித்துத்தான் கூடு கட்டுகின்றன. இந்த வருஷம் பெரும்பாலானவை இங்கே இறங்கவே இல்லை.

கரையைச் சுற்றிச் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. நாட்டுக் கருவேலம் குடைபோல விரிந்து கனமான கூட்டைத் தாங்கும். அதன் நிழலில் நின்ற அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"நம்ம ஏரி மரத்தை ஏலம் விட்டாங்கள்ல, அந்தக் கூட்டத்துல நானும் கை தூக்கினேம்மா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மரம் நின்னா ஏரி தூருதுன்னு சொன்னாங்க. பணம் வந்தா கோயிலுக்கு ஆகும்னாங்க. சரின்னு தோணிச்சு. கூடு இருந்தது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லல. நானும் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த ஐப்பசியில கொக்கு வந்து சுத்திச்சே, நீ திண்ணையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தே. எனக்கு உள்ள போயிடத் தோணிச்சு."

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் திண்ணையில் நின்றது அவருக்கு நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஐந்தாம் நாள், கூந்தன்குளம்

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் பேருந்து. செம்மண், பனை, இடையிடையே பச்சை வயல். கூந்தன்குளம் நாங்குநேரி வட்டாரத்து ஊர். 129 ஹெக்டேர் பரப்புள்ள இந்த இடம் 1994-இல் சரணாலயம் ஆனது. இங்கே கண்மாய் என்றால் புரியாது. குளம். மழைத் தண்ணீரோடு மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீரும் வந்து நிரப்புகிறது.

பேருந்திலிருந்து இறங்கியதும் குளத்தைத் தேடினேன். அதற்கு முன்னால் தெருவே வந்துவிட்டது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்தில் பதினெட்டு கூடு எண்ணினேன், எல்லாம் மஞ்சள்மூக்கு நாரை. எதிர்வீட்டுப் புளியமரத்தில் கூழைக்கடா. கீழே ஒரு பெண் முற்றம் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். மேலே ஆள் உயரத்துக்கு இறக்கை விரித்த பறவை சுள்ளியோடு வந்து இறங்குகிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மஞ்சள்மூக்கு நாரையை ஊரில் செங்கால் நாரை என்றே சொல்கிறார்கள். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகைப் படபடவென்று அடித்துக்கொள்வதுதான் அதன் பேச்சு. வாலுக்கு மேலே விழும் இளஞ்சிவப்பு இறகுகளை இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. வெயில் ஏறியதும் ஒரு நாரை கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையைப் பாதி விரித்தது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் நகர்ந்தன. சூரியன் நகர நகர அதுவும் திரும்பிக்கொண்டே இருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி எங்களை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்.

"நாத்தம் தாங்குதா ஆச்சி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே தோன்றியது.

அவர் கோபப்படவில்லை. "எம்மா, மாட்டுத் தொழுவத்துல நாத்தம் இல்லையா? அதுக்காவ மாட்ட அவுத்து விட்டுருவியளா?" என்றார். துணியைக் கொல்லையில் காயப்போடுவதில்லை, மாடியில் கூரை போட்ட இடத்தில்தான். தண்ணீர்ப் பானைக்கு எப்போதும் மூடி. மரத்தடியில் யாரும் கட்டில் போட மாட்டார்கள். ஆடி வாக்கில் பறவைகள் கிளம்பிய பிறகு முற்றத்தைக் கழுவி எச்சத்தைக் குப்பைக்குழிக்குத் தள்ளுவார்கள். அது வயலுக்குப் போகும். "வராத வருசந்தான் பயமா இருக்கும். பறவ வரலன்னா மழ இல்லன்னு அர்த்தம்லா."

இதுதான் நான் பார்க்க வந்தது. காட்டுக்குள் போய்ப் பார்ப்பதை இயற்கை என்கிறோம். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம். இந்த ஊரில் கதவைத் திறந்தால் அது கொல்லையில் நிற்கிறது. அதற்கு இடம் விட்டு, துணி காயப்போடும் கயிற்றை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பெரிய தியாகம் என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் கயிற்றை மாற்றிக் கட்டாமல் எந்தப் பறவையும் எந்தக் கொல்லையிலும் தங்காது.

மதியம் பக்கத்துத் தெருவில் ஒரு கூழைக்கடாக் குஞ்சு கூட்டிலிருந்து விழுந்துவிட்டது. இறகு முளைக்காத, வெள்ளைத் தூவி மூடிய உடம்பு. இரண்டு பையன்கள் ஓடிப்போய்ச் சாக்கில் அள்ளி, பறவைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். நாங்களும் கூடவே போனோம். விழுந்த குஞ்சுகளைத் தாய்ப்பறவை கீழே வந்து எடுக்காது. அவற்றை இங்கே மீன் கொடுத்து வளர்த்து, பறக்கும் பருவம் வந்ததும் விட்டுவிடுகிறார்கள். பையன்களில் சின்னவன், "இது இந்த வருசம் நான் கொண்டாந்த நாலாவது" என்று அப்பாவிடம் சொன்னான். அப்பா அவன் தோளில் கை வைத்துக்கொண்டே நடந்தார்.

சாயங்காலம் குளத்துப் பக்கம். திறந்த தண்ணீரில் வரித்தலை வாத்துகள் முப்பது, நாற்பது இருக்கும். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. மங்கோலியா, திபெத் பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டி வருபவை. 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்துக் காற்றில் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ள அவற்றின் ரத்தம் தோதாக அமைந்திருக்கிறது. அத்தனை தூரம் வந்த பறவை, அறுத்த வயலில் கோழி மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது.

ஆறாம் நாள், கூந்தன்குளம்

இரவு திருநெல்வேலியில் தங்கிவிட்டு, முதல் பேருந்தில் மறுபடியும் வந்தோம். அப்பாதான் கேட்டார், இன்னொரு காலை வேண்டும் என்று.

மடைப் பக்கம் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்துக்கொள்பவர் என்று பேச்சில் தெரிந்தது. அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் மடைமேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்பா நேற்று ராத்திரி என்னிடம் ஒரு கணக்குக் கேட்டிருந்தார். கூழைக்கடா முட்டையில் எத்தனை நாள், கூட்டில் எத்தனை நாள். முட்டையில் ஒரு மாதம், கூட்டில் மூன்று மாதத்துக்கு மேல் என்று சொன்னேன். செங்கால் நாரை முட்டையிலிருந்து பறப்பதுவரை மூன்று மாதம் போல. "அப்ப நாரை குறுவை, கூழைக்கடா சம்பா" என்றார். அந்தப் பேச்சைத்தான் இப்போது எடுத்தார்.

"தையில முட்டை வச்சா சித்திரைக்கு மேலதான் அறுவடை. நாலு மாசப் பயிருக்கு மூணு மாசத் தண்ணி பத்தாதே அண்ணாச்சி. பங்குனியில கடைசித் தண்ணிக்கு ஆள் வருவாங்கள்ல, என்ன செய்வீங்க?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. மடைக்கல்லைக் கையால் தடவினார்.

"வருவாவ. அவன் பயிரு காயுதுன்னு நிப்பான். நான் மரத்தப் பாப்பேன். குஞ்சு இறக்கைய அடிச்சுப் பழகுதா, இன்னும் தலையத் தொங்கப் போட்டுக் கெடக்கான்னு பாப்பேன். பாத்துத்தான் தொறப்பேன். சில வருசம் அவன் கோவிச்சுக்கிடுவான். சில வருசம் குஞ்சு செத்துரும். ரெண்டுக்கும் நாந்தான் பேச்சு வாங்கணும்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஐம்பது வருஷம் அவரும் மதகுப் பக்கம் நின்று தண்ணீருக்கு வாதாடியவர். ஏரித் தண்ணீரில் தன் வயல், பக்கத்து வயல், கடைமடை வயல் என்று பங்கு பிரித்துத்தான் அவருக்குப் பழக்கம். இந்தப் பெரியவர் அந்தப் பங்கில் இன்னொரு ஆளைச் சேர்த்து எண்ணுகிறார். அந்த ஆள் மடைக்கு வந்து கேட்க முடியாதவர்.

வேடந்தாங்கல் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலகத்தின் முக்கியமான ஈரநிலங்களுக்கான பட்டியல் அது. 1971-இல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரத்தில் ஏற்பட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தது. கூந்தன்குளமும் அதில் இருக்கிறது. அந்தப் பட்டியல் தேவை, இன்னும் பல குளங்கள் அதில் சேர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் பங்குனி வெயிலில் மடைப்பலகையைத் தூக்கலாமா வேண்டாமா என்று மரத்தை அண்ணாந்து பார்க்கும் ஓர் ஆள் இல்லையென்றால் பட்டியல் என்ன செய்யும்? இந்த ஆறு நாளில் பார்த்தது எதுவும் தானாக உண்டான காடு கிடையாது. எல்லாமே நெல்லுக்காக மனிதர்கள் கரை எழுப்பித் தேக்கிய தண்ணீர். அதில் பறவைகள் வந்து பங்கு கேட்டன. சில ஊர்கள் கொடுத்தன.

பத்து மணிக்குப் பேருந்து. ஆச்சி வாசலில் நின்று, "அடுத்த வருசமும் வாங்க, நல்லா பெஞ்சா வடக்குத் தெருவுலயும் கட்டும்" என்றார்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொள்ளுக்குடிப்பட்டி அப்பத்தாவின் ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய கருவேல விதைகள். ஆடு தின்று கழித்த விதை சீக்கிரம் முளைக்கும் என்பது எங்கள் ஊரிலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் ஊருக்குப் போன் போட்டார். எடுத்தது சித்தப்பா.

"ஏரியில எவ்வளவு தண்ணி நிக்குது? சரி. வடக்குப் பக்கம் உள்வாய் எப்ப தெரிய ஆரம்பிக்கும்னு பாத்துச் சொல்லு. ஆமா, அந்தப் பழைய கருவேல மரம் நின்ன இடந்தான். இல்ல, எனக்குத்தான். நான் வந்து பேசிக்கிறேன் ஊர்ல."